இருபத்தேழு

பெர்ம் நகரம். ஏழாம் எண் டிராம்.
வெளியே மைனஸ் இருபத்தாறு.
உள்ளே நான், கிளஃபீரா,
கழுத்தில் டிக்கெட் சுருள்,
விரல்நுனி வெட்டிய கையுறை.

இந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு.
சீட்டில் ஆறு இலக்கம்.
முதல் மூன்றைக் கூட்டு, பின் மூன்றைக் கூட்டு,
இரண்டும் ஒன்றானால் அதிர்ஷ்டச் சீட்டு.
பையில் வைத்தால் பலிக்காது,
மென்று விழுங்க வேண்டும்.
கல்லூரிப் பெண்கள் சிரித்துக்கொண்டே தின்பார்கள்.
போலீஸ்காரர் ஒருவர்
சுவர்ப்பக்கம் திரும்பி நின்று தின்றார்.
பரிசோதகர் ஏறினால்
வயிற்றையா திறந்து காட்டுவது என்று
ஒருவரும் யோசிப்பதில்லை.

சுருள் என்னிடம் இருப்பதால் எனக்குத் தெரியும்:
இரண்டு அதிர்ஷ்டங்கள் அடுத்தடுத்து உட்காராது.
ஓர் ஆயிரத்துக்குள்
ஒன்பதாம் வாய்ப்பாட்டில்தான் அது காலெடுத்து வைக்கும்.
ஏனென்று நீங்களே போட்டுப் பாருங்கள்,
எனக்கு நிறுத்தம் வந்துவிட்டது.

ஐந்து நாற்பதுக்கு எர்மலாய் ஏறுவார்.
அளவுக்கருவி ஆலை.
எட்டு மாதமாகச் சம்பளம் இல்லை,
புத்தாண்டுக்கு ஆளுக்குப் பன்னிரண்டு தெர்மாமீட்டர் கொடுத்தார்கள்.
சந்தையில் விரித்துப் பார்த்தார்.
குளிர் எவ்வளவென்று தெரியாதவர் யார் இங்கே,
காசு கொடுத்துத் தெரிந்துகொள்ள?
(நானும் அதே ஆலைதான், கணக்குப் பிரிவு.
என்னை அவருக்கு அடையாளம் தெரியாது.)

சீட்டை வாங்குவார், உதடு அசையும்,
நாலாக மடிப்பார்.
சுமார் பதினெட்டுக்கு ஒன்று விழ வேண்டும்.
அவருக்கு அறுபத்தோரு நாளாக விழவில்லை.
அதுவும் நடக்கக்கூடியதுதான்,
நூறு பேரில் மூன்று பேருக்கு.
அந்த மூவரில் ஒருவர்
தினமும் என் எதிரில் நிற்பதுதான் தாங்கவில்லை.

அதனால் ஒருநாள் 407218-ஐக் கிழித்து
கையுறைக்குள் ஒளித்தேன்.
முன்னால் ஏறிய வெங்காயக்காரிக்கு 407219.
பிறகு அவருக்கு, ஏதும் அறியாதவள் போல,
என் உள்ளங்கைச் சூட்டோடு அதை நீட்டினேன்.

உதடு அசைந்தது. நின்றது.
பதினொன்று. பதினொன்று.
பிறகு வெங்காயக்காரியின் கையைப் பார்த்தார்.

"சுருள் பின்னோக்கி ஓடாது, அம்மணி"
என்று திருப்பிக் கொடுத்தார்.
கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள்,
இவர் கைக்கு எட்டியதை
வாயே வேண்டாமென்றது.
அடுத்ததைக் கிழித்தேன்: 407220.
அதை நாலாக மடித்துக்கொண்டார்.

மிச்சமானதைக் கடைசி நிறுத்தத்தில் நானே தின்றேன்.
பசை, மை, கொஞ்சம் கம்பளி.
அன்று மாலையே ஹீட்டர் எரிந்துபோனது.

பிப்ரவரியில் புதுச் சுருள்.
அவருக்கு விழுந்தது 315909.
ஒரு பக்கம் ஒன்பது, மறுபக்கம் பதினெட்டு,
ஒன்றுக்கும் உதவாத சீட்டு.
ஆனால் சிரித்தார். முதல்முறை.
உறைபனி படிந்த ஜன்னலில் நகத்தால்
315 090
என்று கீறிவிட்டு இறங்கிப் போனார்.

நான்கு நிறுத்தம் மண்டையைக் குடைந்தேன்.
சில்லறை தவறிக் கொடுத்தேன்.
பாலத்தின் மேல், காமா நதி வெள்ளையாகக் கிடக்கையில்,
பிடிபட்டது:
பின் மூன்றையும் ஒவ்வொன்றாக
ஒன்பதிலிருந்து கழித்திருக்கிறார்.
அப்படிக் கழித்தால் இது அதிர்ஷ்டச் சீட்டு.

எல்லாவற்றையுமா? இல்லை.
ஆறும் சேர்ந்து இருபத்தேழு வந்தால் மட்டும்.
அதிர்ஷ்டம் ஒவ்வொன்றுக்கும் ஓர் இருபத்தேழு,
இருபத்தேழு ஒவ்வொன்றுக்கும் ஓர் அதிர்ஷ்டம்,
கூடவும் இல்லை, குறையவும் இல்லை.
பத்து லட்சத்தில் அது 55,252.
இதுவும் 55,252.
இதை மட்டும் யாரும் தின்பதில்லை.

"என்னடி முணுமுணுக்கிறாய்?" என்றாள் ஓட்டுநர் ஃபாயினா.
"சில்லறைக் கணக்கு" என்றேன்.

நேற்று ஒரு குடிகாரருக்கு இருபத்தேழு.
பிரசவ ஆஸ்பத்திரியில் இறங்கியவளுக்கு இருபத்தேழு,
படியிலேயே கசக்கிப் போட்டுவிட்டுப் போனாள்.
இரவு டெப்போவில் பெருக்கும்போது
அதைப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான்
குப்பையில் போட்டேன்.

இன்று காலை எர்மலாய்
விற்காத பன்னிரண்டில் ஒன்றை
என் இருக்கைக்கு மேல் கம்பியால் கட்டிவிட்டார்.
காசு வாங்கவில்லை.
தன் சீட்டுக்கு மட்டும் சரியாகக் கொடுத்தார்.

டிராமுக்குள்
மைனஸ் ஒன்பது.